அயர்னிங் மேசைச் சூடும் ஆண்மலட்டுப் பயமும்: கேள்வி பதில்

சித்திரை பிறந்தால் சூட்டால் விந்தணு குறையுமா என்ற கேள்விகள் எனக்குக் கூடிவிடும். ஈரோட்டில் விந்துப் பரிசோதனைக் கூடமொன்றில் இருபது ஆண்டுகளாக நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பவன் நான். பெயர்களை நீக்கிவிட்டுச் சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனி அயர்னிங் மாஸ்டர்: ஐயா, ஒன்பது ஆண்டுகளாக நீராவி மேசை முன் நிற்கிறேன். விந்தணுக்கள் குறைவு என்று அறிக்கை வந்திருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. உடம்பின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். விதைகளுக்கு அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவை வெளியே தொங்குகின்றன. குளிரில் விதைப்பை சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வெயிலில் தளர்ந்து விலகும். உள்ளே இறங்கும் ரத்தக் குழாயைச் சுற்றிச் சிரைகள் கொடிபோலப் பின்னியிருக்கின்றன. மேலேறும் குளிர்ந்த ரத்தம், கீழிறங்கும் சூடான ரத்தத்தைத் தணித்து அனுப்புகிறது. உங்கள் மேசையின் நீராவியோ இடுப்புக்கு நேரே வந்து மோதுகிறது. நாள் முழுவதும் அப்படி இருந்தால் இந்த ஏற்பாடு திணறும். எண்ணிக்கை குறையும், நீந்தும் வேகம் குறையும், அணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருளும் சிதையலாம்.

ஆனால் இந்தச் சேதம் பெரும்பாலும் திரும்பிவிடும். 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில் பத்து ஆண்கள் வாரம் இருமுறை, 15 நிமிடம், 80 டிகிரிக்கு மேல் சூடேற்றிய அறையில் உட்கார்ந்தார்கள். மூன்று மாதத்தில் எண்ணிக்கையும் நகர்வும் இறங்கின. நிறுத்திய ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்தன.

ஓர் அணு உருவாகச் சுமார் 74 நாள். முதிர்ந்து வெளியே வர மேலும் சில நாள். நீங்கள் இன்று தரும் மாதிரி மூன்று மாதத்துக்கு முந்தைய வாழ்க்கையைச் சொல்கிறது. அப்போது கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை சரிந்திருக்கும். ஆகவே ஒரே அறிக்கையை நம்பாதீர்கள். காற்றாடியைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள், மணிக்கொரு முறை வெளியே வந்து நில்லுங்கள், இறுக்கமான ஜீன்ஸை விடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. அதற்குக் கீழே போனாலும் பிள்ளை பிறக்காது என்று பொருளல்ல.

கவுந்தப்பாடி, நாட்டுச்சர்க்கரை ஆலை: என் தாத்தா கொப்பரை முன் நின்றே ஆறு பிள்ளை பெற்றார். சூடு என்பதெல்லாம் கட்டுக்கதைதானே?

தாத்தா திறந்த கொட்டகையில், நாலு முழ வேட்டியில் நின்றார். காற்று நாலு பக்கமும் ஓடியது. பாகு பதத்துக்கு வந்ததும் விலகிப் போய் உட்கார்ந்தார். கோடிக்கணக்கில் அணு இருந்தவருக்குக் கொஞ்சம் குறைந்தாலும் தெரிந்திருக்காது. ஏற்கெனவே விளிம்பில் இருப்பவரைத்தான் சூடு கவிழ்க்கும். இன்னொன்று: சூட்டை நம்பிக் கருத்தடையை விட்டுவிடாதீர்கள். அப்படி நம்பிய ஒருவர் இரட்டைக் குழந்தைகளோடு வந்தார்.

திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி டிரைவர்: பத்து மணி நேரம் எஞ்சின் பக்கத்தில் உட்காருகிறேன்.

தொடைகளைச் சேர்த்து நீண்ட நேரம் உட்கார்ந்தாலே விதைப்பை சூடேறும். எஞ்சின் அதோடு சேர்கிறது. இரண்டு மணிக்கொரு முறை இறங்கி நடங்கள்.

கோயம்புத்தூர், பவுண்டரி ஊழியர்: விதைப்பையின் இடது பக்கம் புழுப் பை போல நெளிகிறது. உலைச் சூட்டாலா?

உலை காரணமல்ல. சிரை வீக்கமாக (வேரிகோசீல்) இருக்கலாம். ஆண்களில் 100க்குச் சுமார் 15 பேருக்கு உண்டு, பெரும்பாலும் இடப்பக்கம். ரத்தம் தேங்கி உள்ளிருந்தே சூடாக்கும். சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேவையானால் அறுவை உண்டு. விரைவில் போங்கள்.

பொள்ளாச்சி: இளநீரும் வெந்தயமும் எண்ணெய்க் குளியலும் உடம்புச் சூட்டைத் தணித்துவிடுமா?

குடியுங்கள், குளியுங்கள், நல்லதுதான். ஆனால் நாம் ‘உடம்புச் சூடு’ என்பதும் விதைப்பையின் வெப்பமும் ஒன்றல்ல. சனிக்கிழமை குளியலில் ஆவி பறக்கும் தண்ணீரை இடுப்பில் ஊற்றுவதை மட்டும் தவிருங்கள். கட்டுடம்புக்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்கள் சூட்டைப் பற்றிக் கவலைப்படுவது எனக்குச் சிரிப்பைத் தருகிறது. அந்த ஊசி அணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

கோபிசெட்டிபாளையம், ஒரு மாமியார்: மூன்று வருடமாக மருமகளை எல்லா டாக்டரிடமும் காட்டிவிட்டோம். மகன் சாயப்பட்டறையில் இருக்கிறான். அவனுக்கு ஏதும் இருக்குமா?

அம்மா, முதல் நாளே அவரை அனுப்பியிருக்க வேண்டும். மருமகளுக்கு வயிற்றில் ஸ்கேன், ஊசி, ரத்தம் என்று எத்தனை! மகனுக்கு வேண்டியது ஒரு சின்னக் குப்பி. குழந்தையில்லாத தம்பதிகளில் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் சேர்ந்திருக்கிறது. வரும் திங்களே அனுப்புங்கள்.

அதே வீட்டு மகன், பிறகு தனியாக: எப்படிக் கொண்டுவருவது?

2 முதல் 7 நாள் உறவு வேண்டாம். இங்கே வந்து தருவது நல்லது. வீட்டிலென்றால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள், சட்டைக்குள் உடம்போடு வைத்து. காங்கேயத்திலிருந்து ஒருவர் சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் டேங்க் கவரில் வைத்து வந்தார். நுண்ணோக்கியில் ஒன்றும் அசையவில்லை. குப்பி கையைச் சுட்டது. கூடத்தில் இன்னொன்று கொடுக்கச் சொன்னேன், நன்றாகவே நீந்தின. கூடம் காலை எட்டுக்குத் திறக்கிறது. கூச்சமாக இருந்தால் பின்பக்கப் படியில் ஏறி வாருங்கள்.