ஏர் ரைபிளுக்கு லேமினேட் கட்டை: ஆசாரியிடம் செய்யலாமா, ரெடிமேடாக வாங்கலாமா?

கேள்வி: சார், காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. நானும் பையனும் தோப்பில் காகித இலக்கு வைத்துச் சுடுவோம். எங்களிடம் இருப்பது பேரலை மடக்கி லோடு செய்கிற 4.5 மி.மீ. ஏர் ரைபிள். விலை குறைந்த மாடல்தான், மரக்கட்டை. ஒரு வருஷமாகக் குறி ஒரே இடத்தில் நிற்பதில்லை. முன்கட்டையில் கீறலும் விழுந்திருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், தன்னுடைய மலிவு விலை வேட்டை ரைபிளுக்கு லேமினேட் ஸ்டாக் (மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டிச் செய்த கட்டை) மாற்றியதும் குறி சரியாகிவிட்டது என்கிறார். இங்கே எங்கள் ஆசாரி மெரைன் பிளைவுட்டில் அதே மாதிரி செய்து தருகிறேன் என்கிறார். தோப்பில் காற்றுக்குச் சாய்ந்த மாமரமும் கிடக்கிறது. எதில் செய்தால் நல்லது? முயல், காட்டுப்பன்றிக்கு இந்தத் துப்பாக்கி உதவுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உதவாது, உதவினாலும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏர்கன் வேறு, தோட்டாத் துப்பாக்கி வேறு என்ற கணக்கெல்லாம் கிடையாது. எதைக் கொண்டு அடித்தாலும் வேட்டை வேட்டைதான். பன்றி தோட்டத்தை உழுதுவிட்டுப் போகும் வயிற்றெரிச்சல் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. ஆனாலும் அதில் கைவைக்கும் அதிகாரம் வனத்துறைக்குத்தான். காகித இலக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது மச்சான் விஷயம். அவர் சொல்வது பொய்யில்லை. சவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் மாதிரியான குறைந்த விலை வேட்டை ரைபிள்களில் பேரல் நன்றாகவே இருக்கும். விலையைக் குறைக்கக் கம்பெனிக்காரர்கள் கைவைப்பது பெரும்பாலும் கட்டையில்தான். மெல்லிசான பிளாஸ்டிக் முன்கட்டை, மணல் மூட்டைமேல் சாய்த்து அழுத்தினால் வளைந்து பேரலைத் தொடும். சுடும்போது பேரல் அதிர்கிறது. ஒரு தடவை கட்டை தொட்டும் இன்னொரு தடவை தொடாமலும் இருந்தால் அதிர்வு மாறும், குறியும் மாறும். லேமினேட் கட்டை கனமானது, வளையாது. பேரலைச் சுற்றிலும் இடைவெளி விட்டுச் செதுக்கியிருப்பார்கள். தெற்கு டகோட்டாவில் மிட்செல் என்ற ஊரில் இருக்கும் பாய்ட்ஸ் கம்பெனி இப்படிப்பட்ட கட்டைகளுக்கே பேர் போனது.

உங்கள் துப்பாக்கியில் இந்தக் கதை செல்லாது. மடக்கும் பேரல் கட்டையோடு ஒட்டி உட்காருவதே இல்லை. கட்டை பிடித்துக்கொண்டிருப்பது பின்னால் இருக்கும் ஸ்பிரிங் குழாயைத்தான், அதுவும் முன்பக்கம் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்குரூ, டிரிக்கர் கார்டில் ஒன்றோ இரண்டோ. ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும். பிஸ்டன் முனையில் போய் மோதியதும் துப்பாக்கி முன்னால் உதறும். பெல்லட் (ஏர்கன் குண்டு) பேரலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். இப்படி இரண்டு பக்கமும் இழுபட்டு இழுபட்டுத்தான் ஸ்குரூ தளர்கிறது, மரம் நசுங்குகிறது, குறி ஓடுகிறது. ஆக, லேமினேட் உங்களுக்குத் தரக்கூடியது ஸ்குரூவுக்கு உறுதியான பிடிமானமும், கீறாத முன்கட்டையும். அது பெரிய விஷயம்தான். ஆனால் தளர்ந்த ஸ்குரூவோடு புதுக் கட்டை மாட்டினால் பணம் போனதுதான் மிச்சம்.

அதனால் முதலில் நான்கு இடத்தில் கைவைத்துப் பாருங்கள்: முன் ஸ்குரூக்கள், டிரிக்கர் கார்டு ஸ்குரூ, பேரல் மடங்கும் இடத்தில் இருக்கும் போல்ட், ஸ்கோப் மவுண்ட். ஸ்கோப் மவுண்ட் ஒவ்வொரு அடிக்கும் நூலளவு நகர்வது ஸ்பிரிங் துப்பாக்கியில் சர்வசாதாரணம். மவுண்ட்டின் பின்விளிம்பில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஐம்பது பெல்லட் சுடுங்கள். கோடு விலகியிருந்தால் குற்றவாளி கட்டையில்லை. ஸ்குரூவைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நீல நிற லாக் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றுவது பெரும்பாடு. இதோடு குறி சரியாகிவிட்டால் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கீறல் மட்டும் இருந்தால் எபாக்ஸி பசை விட்டு இறுக்கிக் கட்டியே இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

குறி சரியாகவில்லை, அல்லது கீறல் ஸ்குரூ ஓட்டை வரை ஓடியிருக்கிறது என்றால் கட்டை மாற்றுவது நியாயம். இங்கேதான் ஆசாரியின் பிளைவுட் வருகிறது.

மெரைன் பிளைவுட் மட்டமான சரக்கு இல்லை. அதன் பசை தண்ணீருக்கு அசையாது. சிக்கல் மர இழையின் திசையில். பிளைவுட்டில் ஒரு மரத்தாளின் இழை நீளவாட்டில் ஓடினால் அடுத்த தாளின் இழை குறுக்குவாட்டில் ஓடும். அலமாரிக்கு அதுதான் பலம், எந்தப் பக்கமும் வளையாது. துப்பாக்கிக் கட்டைக்கு வேண்டியது வேறு. கை பிடிக்கிற கழுத்துப் பகுதி மெலிசு. பேரலை மடக்கும்போதும், தவறிக் கீழே விழும்போதும் வளைவு முழுக்க அங்கேதான் வந்து சேரும். பிளைவுட்டில் கிட்டத்தட்டப் பாதித் தாள்கள் அந்த இடத்தில் குறுக்கே கிடக்கும், அந்த வளைவைத் தாங்க அவை உதவாது. 19 மி.மீ. பலகை மூன்றை ஒட்டி எவ்வளவு தடியாகச் செய்தாலும் கழுத்தைச் செதுக்கியதும் நிலைமை இதுதான். அரம் போட்டால் குறுக்குத் தாள்கள் பிய்ந்து வரும், பாலிஷையும் குடித்துக்கொண்டே இருக்கும்.

உண்மையான லேமினேட் ஸ்டாக்கில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தாள்கள், பெரும்பாலும் பிர்ச் மரம், சாயம் ஏற்றி, பிசினில் ஊறவைத்து, அழுத்தத்தில் ஒட்டியது. இரண்டு அங்குல அகலத்துக்கு முப்பதுக்கு மேல் தாள் வரும். எல்லாத் தாள்களின் இழையும் நீளவாட்டிலேயே ஓடும். ஒரு தாளில் முடிச்சோ கோணலோ இருந்தாலும் பக்கத்துத் தாள்கள் சமாளித்துவிடும். ஓசூர்க் குளிரிலிருந்து தர்மபுரி வெயிலுக்கு எடுத்துப் போனாலும் சுருங்கி விரிவது குறைவு.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்க ரப்பர் பேடைக் கழற்றச் சொல்லிக் கட்டையின் அடிமுகத்தைப் பாருங்கள். எல்லா அடுக்கிலும் ஊசி குத்தினாற்போல இழைமுனைகள் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். ஒரு அடுக்கில் புள்ளி, அடுத்த அடுக்கில் கோடு என்று மாறி மாறி வந்தால் அது பிளைவுட்தான், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

உங்கள் மாடலுக்கென்றே செய்த லேமினேட் கட்டை துப்பாக்கிக் கம்பெனியிடமே கிடைத்தால் அதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்பதை மட்டும் தொடாதீர்கள். ஸ்குரூ ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே போச்சு.

கிடைக்காவிட்டால் ஆசாரியை வைத்தே செய்யலாம், பிளைவுட்டை விட்டுவிட்டு. பெரிய மரக்கடைகளில் ஸ்டீம் பீச் (நீராவியில் பதப்படுத்திய பீச் மரம்) கிடைக்கும். ஐந்தாறு மில்லிமீட்டர் பலகைகளாக அறுத்து, இழை முழுக்க நீளவாட்டில் வைத்து, எபாக்ஸி போட்டு ஒட்டச் சொல்லுங்கள். சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம், தொடர்ந்து பாரம் இருந்தால் மெல்ல நழுவும். தேக்கு வேண்டும் என்றால் அதில் எண்ணெய்ப் பசை அதிகம். இழைப்புளி போட்ட அன்றைக்கே, அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

தோப்பு மாமரம்? ஆசை புரிகிறது, சொந்த மரத்தில் செய்த கட்டை என்றால் பையனுக்கும் பெருமை. மாமரம் ஓரளவு கெட்டிதான், ஆனால் வண்டு துளைக்கும். சாய்ந்த மரத்தை அப்படியே போட்டு வைத்தால் கறையும் ஏறும். சீக்கிரம் பலகையாக அறுத்து, போரிக் அமிலமும் வெங்காரமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்குங்கள். ஒரு அங்குலப் பலகை காய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அடுத்த மாங்காய் சீசனுக்குத்தான் அந்தக் கட்டை. அதுவரை பொறுமை இல்லையென்றால் பீச்.

அளவைப் பலரும் கடைசியில் நினைக்கிறார்கள். நான் மரத்தைவிட இதற்குத்தான் மதிப்புக் கொடுப்பேன். டிரிக்கரிலிருந்து கட்டையின் பின்முனை வரை அமெரிக்க ரெடிமேடில் வழக்கமாக 13.75 அங்குலம் இருக்கும். நம் ஆட்கள் பலருக்கு அது நீளம். வளரும் பையனுக்கு ரொம்பவே நீளம். முழங்கையை மடக்கி, கட்டையின் பின்முனையை முழங்கையின் உள்மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிக்கரில் உட்கார வேண்டும். அப்புறம் கன்ன உயரம். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் படம் முழுதாகத் தெரிந்தால் சரி. தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் கன்னப்பகுதி இன்னும் உயர வேண்டும். இருவரும் சுடுவதால் பேடுக்கும் கட்டைக்கும் நடுவில் வைத்துக் கழற்றக்கூடிய அரை அங்குலத் தட்டுகள் இரண்டு செய்துகொள்ளுங்கள்.

எடையும் பாருங்கள். லேமினேட் உங்கள் பழைய கட்டையைவிடக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை கூடுதலாக வரலாம். இலக்குச் சுடுதலுக்கு அது நல்லதுதான். பையன் பின்னாளில் பத்து மீட்டர் போட்டிக்குப் போனால் அங்கே ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். ஆனால் அது வேறு வகைத் துப்பாக்கி, இதை அதற்குத் தயார் செய்யப் பார்க்காதீர்கள்.

குழாய் உட்காரும் பள்ளத்தை அவசரப்பட்டுச் செதுக்கக் கூடாது. குழாயின் அடியில் லிப்ஸ்டிக் லேசாகத் தடவி (வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்) பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். சிவப்பு ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சீவுங்கள். சிவப்பு பரவலாக ஒட்டும் வரை இதே வேலைதான். ஸ்குரூத் தலைகளுக்கு அடியில் கிண்ண வடிவ வாஷர் கட்டாயம் வேண்டும். டிரிக்கர் கார்டு ஸ்குரூவுக்குப் பித்தளை புஷ் (சின்னக் குழல்) போட்டுவிட்டால் எவ்வளவு முடுக்கினாலும் மரம் நசுங்காது. ஓசூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம், பழைய கட்டையை எடுத்துப் போய் அளவு காட்டினால் போதும். முன்கட்டையின் அடியில் மடக்கும் கம்பி ஓடும் நீளப் பிளவைத் தேவைக்குமேல் அகலப்படுத்த விடாதீர்கள், உங்கள் பழைய கட்டையும் பெரும்பாலும் அங்கேதான் கீறியிருக்கும்.

ஆசாரியிடம் கொடுப்பது கட்டை மட்டும்தான். குழாயைப் பொருத்திப் பார்க்கும் நாளில் நீங்கள் கூட இருங்கள். உங்கள் ஏர் ரைபிள் 4.5 மி.மீ., பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாதது என்பதால் லைசென்ஸ் தொல்லை இல்லை, கட்டை மாற்றுவதால் அது மாறவும் மாறாது. "கூடவே ஸ்பிரிங்கையும் பலமானதாகப் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 250 மீட்டரில் போனாலே ஏறக்குறைய 16 ஜூல் ஆகிவிடுகிறது, வரம்பு ரொம்பத் தூரத்தில் இல்லை. லைசென்ஸ் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதை ஆசாரியிடம் விட்டுவிட்டு வரவே கூடாது, பழுதுபார்க்க உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பாலிஷில் பிரெஞ்ச் பாலிஷ் வேண்டாம், வியர்வை பட்டால் வெளுக்கும். பி.யூ. (பாலியூரித்தேன்) கோட் அடியுங்கள். வெளியே பளபளவென்று ஐந்து கோட் அடித்துவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. குழாய்ப் பள்ளம், ஸ்குரூ ஓட்டைகளின் உட்புறம், ரப்பர் பேடுக்கு அடியில் இருக்கும் இழைமுனை, இந்த மூன்றுக்கும் முதலில் இரண்டு கோட். உப்புத்தாள் போடும்போது முகமூடி போடச் சொல்லுங்கள், பிசின் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மாட்டிய பிறகு முதல் இருநூறு பெல்லட்டுக்குள் ஸ்குரூக்கள் ஒருமுறை தளரும். மறுபடி முடுக்கிவிட்டு அதற்கப்புறம் ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள்.