திட்டப்பணிக்கு ஜாங்கோ 5.2 போதும்: ஒரு தந்தைக்குப் பதில்

ஆய்வகக் கருவிகளை இரவல் தரும் இணையதளம் ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணியாக உருவாக்கவிருக்கும் உங்கள் மகள், பைத்தான் நிரல்மொழியில் இணையதளம் எழுத உதவும் மென்பொருள் கட்டமைப்பான ஜாங்கோவின் 5.2 பதிப்பில் தொடங்க விரும்புகிறார். மென்பொருள் துறையில் இருக்கும் அவருடைய பெரியப்பா மகனோ, புதிய 6.0-ஐக் கற்காவிட்டால் நேர்காணலில் மதிப்பிருக்காது என்று சொல்லி, அதற்கெனக் கட்டணப் பயிற்சி ஒன்றில் சேர்க்கச் சொல்கிறார். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த அறிவுரையை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஜாங்கோவில் ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. சாதாரணப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் சுமார் 16 மாதங்களே கிடைக்கும். 2.2, 3.2, 4.2, 5.2 என்று புள்ளி இரண்டில் முடியும் பதிப்புகள் மட்டும் நீண்டகால ஆதரவு பெற்றவை. 2025 ஏப்ரலில் வெளிவந்த 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை திருத்தங்கள் உண்டு. 2025 டிசம்பரில் வந்த 6.0-க்கோ 2027 ஏப்ரலோடு அவை நின்றுவிடும். பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் நிறுவினால் ஆகப் புதியதே வந்து இறங்குவதால், இந்த வேறுபாடு பலர் கண்ணில் படுவதே இல்லை.

6.0-க்குப் பைத்தான் 3.12 அல்லது அதற்கு மேல் தேவை. 5.2-ஓ, கல்லூரிக் கணினிகளில் இருக்கக்கூடிய 3.10-இலும் இயங்கும். உள்நுழைவு, அறிக்கை போன்றவற்றுக்குப் பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளையே உங்கள் மகள் நம்பியிருக்க வேண்டும். அவற்றில் சில புதிய பதிப்போடு ஒத்துப்போகச் சில மாதங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம், அந்த மாதங்கள்தான் அவருடைய திட்டப்பணிக்கான காலம். தேவைத் தொகுப்புகளின் பட்டியல் கோப்பில் "5.2 அல்லது அதற்கு மேல், 6.0-க்குக் கீழ்" என்ற ஒரு வரியை எழுதிவிட்டால், 5.2-இன் சிறு திருத்தங்கள் மட்டும் வந்துசேரும், தளம் தானாக 6.0-க்குத் தாவாது. சோதனைகளை எச்சரிக்கைகள் தெரியும்படி ஓட்டினால், பின்னால் நீக்கப்படவிருக்கும் வசதிகள் எவை என்பதை ஜாங்கோவே சொல்லிவிடும். அவற்றை அவ்வப்போது திருத்தி வருபவருக்கு, அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 6.2-க்கு மாறுவது பெரிய வேலையாக இராது.

பயிற்சிக் கட்டணத்தைத் தயவுசெய்து கட்டாதீர்கள், அதற்காகக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். ஜாங்கோவின் அதிகாரபூர்வ ஆவணங்கள் இலவசம். தரவு மாதிரி, பார்வை, வார்ப்புரு என்ற அடிப்படைகள் இரு பதிப்புகளிலும் ஒன்றே, மாற்றங்களோ வெளியீட்டுக் குறிப்புகளில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. எந்தப் பதிப்பில் வேலை செய்ய வேண்டும் என்பதை, அந்த நிரலோடு தினமும் அமரப்போகும் உங்கள் மகளே முடிவு செய்யட்டும். அண்ணனிடம் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை அவர்மீது சுமத்தாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.