வவ்வால் கடித்த மாம்பழம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வளவில் ஒரு பெரிய கறுத்தக்கொழும்பான் மரம் நிற்கிறது. பழக்காலம் வந்தால் இரவெல்லாம் வவ்வால்தான். விடியக் கீழே கிடக்கிற பழத்தைப் பேரப்பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கிச் சாப்பிடுகிறார்கள். கேரளத்தில் நிபா வைரஸ் காய்ச்சல் இப்படித்தான் வந்தது என்கிறார்கள். வவ்வால் தொங்குகிற பக்கத்து வளவுப் புளியமரத்தைத் தறிக்க வேண்டும் என்று அயலில் ஒரே சண்டை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கொடிகாமம்

பதில்: மரத்தைத் தறிக்க வேண்டாம் அம்மா. வவ்வால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் பொறுக்க விடாதீர்கள், அவ்வளவுதான். இலங்கையில் இதுவரை மனிதருக்கு நிபா வந்ததாகப் பதிவில்லை. ஆனால் அந்தக் கிருமியைச் சுமக்கிற அதே இனப் பழந்தின்னி வவ்வால் இங்கும் உண்டு, அதனால் இந்த ஒரு கவனம் போதும்.

மலேசிய ஆய்வாளர் சுவா கவ் பிங் செய்த வேலையைப் படித்ததிலிருந்து எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 1998 கடைசியில் அங்கே பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. நுளம்பு பரப்புகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தானே பிடிக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். 1999 மார்ச்சில் சுவா ஒரு நோயாளியிடமிருந்து புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்து, மாதிரிகளை அமெரிக்காவுக்குத் தானே கொண்டுபோய் உறுதிப்படுத்தினார். அதுதான் நிபா. நோய் அடங்குவதற்குள் 100 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள், ஏறத்தாழ 10 இலட்சம் பன்றிகளையும் கொன்றார்கள்.

சரி, பன்றிக்கு எங்கிருந்து வந்தது? இதே குடும்பத்து ஹெண்ட்ரா வைரஸ் 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்றபோது அது வவ்வாலிடமிருந்து வந்தது என்று பிறகு கண்டிருந்தார்கள். சுவாவின் குழு தியோமான் தீவுக்குப் போய், வவ்வால் தொங்கும் மரங்களுக்குக் கீழே பொலித்தீன் விரிப்புகளை விரித்து, இரை தேடப் போனவை திரும்பி வந்து கழிக்கிற சிறுநீரைத் துளித்துளியாக எடுத்தது. வவ்வால் மரத்தடியில் விடியப்புறம் நின்றவர்களுக்கு அந்த மணம் தெரியும், அதற்குள் நின்றுதான் இந்த வேலை. கடைசியில் வைரஸ் கிடைத்தது சிறுநீரில் இரண்டு தடவை, அரைகுறையாகத் தின்றுவிட்டுப் போட்ட ஒரு பழத்தில் ஒரு தடவை. உங்கள் மாமரத்தடியில் கிடப்பதும் அப்படி ஒரு பழம்தானே. மலேசியப் பண்ணைகளிலும் பன்றிக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே பழமரங்கள் நின்றன.

கேரளத்தைப் பற்றி ஒன்று. 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் 17 பேர் இறந்தார்கள், ஆனால் அதில் பெரும்பாலானவர்களுக்கு ஆஸ்பத்திரியில், முதல் நோயாளிகளிடமிருந்துதான் தொற்றியது.

‘அணில் கடித்த பழம்தான் இனிப்பு’ என்று சொல்லி வளர்த்த ஊர் நாங்கள், பிள்ளைகளை மறிப்பது கஷ்டம்தான். கடித்த பழத்தைக் கையால் தொடாமல் தடியால் தள்ளிக் கிடங்கில் புதையுங்கள். கடி இல்லாத பழத்தையும் நன்றாகக் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். வங்கதேசத்தில் இரவில் இறக்கிய ஈச்சஞ்சாற்றை வவ்வால் நக்க, காலையில் அதைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா வந்தது. சாறு வடிகிற இடத்தையும் பானையின் வாயையும் மூங்கில் தட்டியால் மறைத்தபோது வவ்வால் அண்டவில்லை. நம்முடைய பனை முட்டிக்கும் ஒரு மூடி கட்டினால் என்ன? காய்ச்சின பனங்கட்டிக்குப் பயமே வேண்டாம்.

மரத்தைத் தறித்தால் வவ்வால் செத்துவிடாது, இன்னொருவர் வளவுக்குப் போகும். இலுப்பைக்குப் பூவைக் காயாக்கி விதையைத் தூரக் கொண்டுபோடுவதும் அதுதான்.

கேள்வி: 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவின காய்ச்சலும் வவ்வாலாலா?
- ஒரு வாசகர், கரவெட்டி

பதில்: இல்லை. அது எலிக்காய்ச்சல், அதன் கிருமி வைரஸே இல்லை, பாக்டீரியா. எலியின் சிறுநீர் வெள்ளத்தில் கலந்து, காலில் உள்ள புண் வழியாக ஏறுகிறது. வயலுக்கு இறங்குகிறவர்கள் அதற்கு முதலே உங்கள் பகுதிப் பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) டொக்சிசைக்ளின் என்ற தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் நின்றதையும் மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.