ரெண்டு மாஸ்க் போட்டாலும் நெடி ஏறுகிறதே, ஏன்?

கேள்வி: சின்ன பல் கிளினிக்கில் 2 வருடமாக அசிஸ்டென்டாக இருக்கிறேன். கருவிகளை ஊறப்போடும் மருந்தின் நெடியில் கண் எரிகிறது, தலை வலிக்கிறது, கொஞ்ச நாளாக இருமலும் சேர்ந்துகொண்டது. டாக்டரிடம் சொன்னால் "ரெண்டு மாஸ்க் போட்டுக்கம்மா" என்கிறார். ஏசி அறை என்பதால் ஜன்னலும் திறப்பதில்லை. இதில் ஆபத்து உண்டா? வேறு எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை லீவில் அந்த இருமல் எப்படி இருக்கிறது? வீட்டில் அடங்கியிருந்து, திங்கட்கிழமை கிளினிக்குக்குள் நுழைந்ததும் திரும்ப ஆரம்பிக்கிறது என்றால், தள்ளிப்போடாமல் நெஞ்சு நோய் மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை, என்ன மருந்தோடு பழகுகிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரண சளி என்று டானிக் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 2% குளூட்டரால்டிஹைடாகத்தான் இருக்கும், லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இது ஆஸ்துமாவையும் தோல் அலர்ஜியையும் வரவழைக்கக்கூடியது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் துளி நெடி போதும். மாஸ்க் விஷயத்தில் டாக்டர் சொல்வது தவறு. சர்ஜிகல் மாஸ்க்கும் சரி, என்95-உம் சரி, தூசியையும் துளியையும்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ரெண்டு போட்டால் மூச்சுதான் முட்டும். அமெரிக்காவில் தொழில் சுகாதார வல்லுநர்கள் சொல்லும் உச்ச வரம்பு 0.05 பிபிஎம், அதாவது காற்றில் 2 கோடியில் ஒரு பங்கு. மூக்குக்கு நெடி தெரிய ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அதே அளவில்தான். உங்களுக்குக் கண்ணே எரிகிறது என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர வைத்துச் சுற்றிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? மருந்தில் கருவி ஊறப்போடும் அந்த ட்ரே எதற்கு என்று முதலில் கேளுங்கள். மிரர், புரோப், பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் எல்லாம் ஆட்டோகிளேவில், அதாவது சூடான நீராவியில் கிருமி நீக்கும் கருவியில், போகக்கூடியவை. சூடு தாங்காத பிளாஸ்டிக் சாமான்களுக்குத்தான் ஊறப்போடும் வேலையே. அதிலும் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே 20 நிமிடம் முக்கி எடுத்தால் ஸ்டெரிலைஸ் ஆகாது, கிருமிகளின் விதைகள் வரைக்கும் சாக 10 மணி நேரம் ஆகும். நெடி என்று சொன்னால் காதில் வாங்காத டாக்டர், கருவி சரியாகச் சுத்தமாகவில்லை என்று சொன்னால் கேட்பார், அனுபவத்தில் சொல்கிறேன்.

வேறு வழியே இல்லை என்றால் மூடியுள்ள ட்ரே, எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள தனி இடம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையால் தொடாமல் எடுக்க இடுக்கி. லேடெக்ஸ் கையுறை இதற்கு ஆகாது, நைட்ரைல் வாங்கித் தரச் சொல்லுங்கள். இதை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி நாற்காலி துடைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஹைப்போ, அதாவது வேர் சிகிச்சையில் பல்லுக்குள் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட். இதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காத கிளினிக்கைப் பார்ப்பதே அபூர்வம். சிரிஞ்சில் எடுத்துவிட்டால் ஹைப்போ, சலைன், மரத்துப்போகும் மருந்து மூன்றும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மரத்துப்போக என்று நினைத்து ஈறில் ஹைப்போவைப் போட்டு, முகம் வீங்கி சதை அழுகிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஒரு மார்க்கர் பேனாவால் பெயரும் தேதியும் எழுத 5 நொடி ஆகுமா? இன்னொரு வம்பும் இருக்கிறது. போட்டோ ஸ்டூடியோ ஆட்கள் 'ஹைப்போ' என்பது ஃபிக்ஸரை. எக்ஸ்ரே கழுவும் ஃபிக்ஸரில் அமிலம் உண்டு. அதையும் நம்ம ஹைப்போவையும் ஒரே சிங்க்கில் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். டாய்லெட் ஆசிட்டோடு சேர்ந்தாலும் அதேதான்.

பல் ஓட்டையை அடைக்கும் பாதரசக் கலவையான அமால்கம் இன்னும் போடுகிறீர்கள் என்றால், பாதரசம் சிந்தும்போது துடைப்பத்தைத் தொடாதீர்கள், வேக்வமும் கூடாது, பொடிப்பொடியாகச் சிதறி ஆவியாகும். ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, அட்டையால் ஒன்றுசேர்த்து, சிரிஞ்சால் உறிஞ்சி, இறுக மூடும் பாட்டிலில் போடுங்கள். மீந்த அமால்கமும், அமால்கம் அடைத்த பிடுங்கிய பல்லும் மஞ்சள் கவரில் போகக்கூடாது, அந்தக் கவர் எரிக்கப் போகிறது, பாதரசம் காற்றில் கலக்கும்.

பல் செட் வேலைக்கு அக்ரிலிக் பொடியோடு கலக்கும் திரவமான கோல்டு க்யூர் மோனோமர் நைட்ரைலையும் சீக்கிரம் ஊடுருவும், கையுறையில் பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். அது குப்பென்று தீப்பிடிக்கும் சரக்கும்கூட, மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கை அணைத்த பிறகுதான் அந்த பாட்டிலைத் திறக்க வேண்டும்.