காட்டு நெல்லும் நாட்டு நெல்லும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் காட்டு நெல் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லைங்க. அவை உழவர்கள் நல்ல கதிராகப் பார்த்து எடுத்துவைத்து, தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்த நாட்டு ரகங்கள். பொன்னியும் கவுனியும் ஒரே இனம்தான், ஒரைசா சட்டைவா. காட்டு நெல் என்பது யாரும் விதைக்காமல் குளக்கரையிலும் ஓடையிலும் சாலையோரப் பள்ளத்திலும் தானே முளைப்பது. நம் நாட்டில் முக்கியமானவை இரண்டு: ஒரு பருவத்தோடு முடிந்துவிடும் ஒரைசா நிவாரா, ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடந்து தழைக்கும் ஒரைசா ரூஃபிபோகன். மணியின் நுனியில் நீளமான வால், உள்ளே பெரும்பாலும் சிவப்பு அரிசி, பழுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் குணம், இவற்றை வைத்து அடையாளம் காணலாம். சூப்பர் மார்க்கெட்டில் ‘வைல்டு ரைஸ்’ என்று கருப்பாக, நீளமாகக் கிடைக்கிறதே, அது ஜிசானியா என்ற வேறு பேரினம். வட அமெரிக்க ஏரிகளைச் சேர்ந்தது.

கேள்வி: என் மகள் வேளாண் கல்லூரியில் முதுகலை படிக்கிறாள். நெல் ரகங்களைச் சேகரிக்க ஒடிசாவில் கோராபுட் பக்கம் போகப் போகிறாளாம். விதையெல்லாம்தான் ஏற்கெனவே விதை வங்கியில் இருக்கிறதே, எதற்கு இந்த அலைச்சல்?
– வாசகர், தாராபுரம்

பதில்: தயங்காமல் அனுப்புங்கள் ஐயா. விதைகளைக் குளிரில் பாதுகாத்து வைக்கும் விதை வங்கி பெரிய விஷயம்தான். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வங்கியில் மட்டும் 1,30,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சேற்றில் இறங்கிக் கொண்டுவந்தவை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1970களில் ஆசிய வயல்களில், பயிரைப் புல் மாதிரிக் குட்டையாக்கிவிடும் ஒரு வைரஸ் நோய் புகையான் பூச்சி மூலம் பரவியது. எதிர்ப்புச் சக்தி எதிலாவது இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தில் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். கிடைத்தது ஒன்றே ஒன்றில், 1963இல் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு நிவாராவில்! அதிலும் எல்லாச் செடியிலும் இல்லை, சில செடிகளில் மட்டும். அங்கிருந்த நெல் விஞ்ஞானி குர்தேவ் குஷ் தலைமையில் அந்தக் குணத்தைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள், 1976இல் வெளியான ஐ.ஆர்.36 என்ற நெல் ரகம் அப்படி வந்ததுதான். சேகரித்தவர் சில செடிகளோடு போதும் என்று திரும்பியிருந்தால் அந்தக் குணம் கைக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம், அதனால்தான் ஒரே இடத்தில் பல செடிகளிலிருந்து, தள்ளித் தள்ளிப் போய்க் கதிர் எடுக்கிறார்கள்.

உங்கள் மகள் போகும் பகுதி நெல் வரலாற்றில் பெரிய பெயர். கோராபுட்டிலுள்ள ஜெய்ப்பூர் வட்டாரத்தில் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை) 1955 முதல் 1959 வரை கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஊர் ஊராகப் போய் 1,745 ரகங்களைச் சேகரித்தார்கள். ஒரே சரிவில் மேட்டுக்கு ஒரு நெல், நடுவுக்கு ஒன்று, தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு இன்னொன்று என்று பழங்குடி உழவர்கள் பிரித்து விதைத்ததால்தான் அவ்வளவு வகை. பின்னாளில் போனவர்கள் அதில் சிறு பகுதியைத்தான் வயலில் பார்த்தார்கள். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது. வங்கியில் விதை இருந்தாலும், எந்தச் சரிவில் விதைப்பது, எந்தச் சடங்குக்குச் சமைப்பது, எந்த வறட்சியில் அது தாங்கியது என்பது வீட்டில் விதை கட்டிவைக்கும் பெண்களுக்குத்தான் தெரியும், அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதாவிட்டால் அந்த விபரம் எங்கேயும் இருக்காது. ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு நெல் இருக்கும், ஒரே நெல்லுக்கு மூன்று பெயரும் இருக்கும். நேரில் போகாமல் இதைப் பிரிக்கவே முடியாது.

அப்புறம், குளிரில் வைத்த விதை வைத்தபடியே நிற்கும். குளத்தில் இருக்கும் காட்டு நெல்லோ ஒவ்வொரு ஆண்டும் புது நோய்க்கும் புது வெயிலுக்கும் முகம் கொடுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

கேள்வி: காட்டு நெல்லைச் சாப்பிடலாமா?
– வாசகி, சேலம்

பதில்: தாராளமாக. சத்தீஸ்கரில் பிள்ளைகளின் நலனுக்காகத் தாய்மார்கள் இருக்கும் ஹல்சஷ்டி விரதத்தன்று ஏர் உழுது விளைந்ததைத் தொடமாட்டார்கள், தானே விளைந்த ‘பசஹர்’ அரிசியைத்தான் சமைப்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் ‘தின்னி’ என்று விரத நாளில் உண்கிறார்கள். உதிர்ந்துபோகும் மணியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டியிருப்பதால் விலை அதிகம்.

கேள்வி: என் வயலில் வால் நீண்ட நெல் கலந்து வருகிறது. பிடுங்கலாமா?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: வயலுக்குள் இருந்தால் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். அது பெரும்பாலும் பயிர் நெல்லும் காட்டு நெல்லும் கலந்து உண்டான களை நெல்லாக இருக்கும், ஒருமுறை உதிர்ந்தால் விதை மண்ணில் தங்கிப் பின்னாலும் முளைக்கும். குளத்திலோ வாய்க்காலிலோ தானாக நிற்பதை மட்டும் விட்டுவிடுங்கள், தூர்வாரும்போதும் ஓர் ஓரம் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். கதிர் வந்ததும் படம் எடுத்து, இடத்தையும் குறித்து, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.