முதல்முறை மாதிரி இல்லையே, டாக்டர்!

கேள்வி: எனக்கு 58 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. 20 வருடமாகச் சர்க்கரை. விறைப்பே இல்லாமல் போனதால் 11 வருடத்துக்கு முன் ஆணுறுப்பில், பம்பை அமுக்கினால் விறைக்கிற இம்ப்ளான்ட் பொருத்தினேன். அது பழுதாகி, 3 மாதம் முன்பு மாற்றினார்கள். வேலை செய்கிறது. ஆனால் பழைய திருப்தி இல்லை. நீளம் குறைந்ததுபோல் தெரிகிறது. மனைவி ஒன்றும் சொல்வதில்லை. ஏமாந்துவிட்டேனா?
- பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: ஏமாறவில்லை. முதல்முறை பொருத்தியபோது எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? ஒன்றுமே நடக்காத வருடங்களோடு. அதனால் கிடைத்ததெல்லாம் லாபம். இப்போது ஒப்பிடுவது, நன்றாக ஓடிய பழைய கருவியோடு. மாற்றிப் பொருத்தியவர்களிலும் பெரும்பாலோர் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள்; அந்த முதல் சந்தோஷம்தான் திரும்ப வருவதில்லை.

நீளம் குறைந்தது என்பது, முதல்முறை வைத்தவர்களும் அதிகம் சொல்கிற குறை. உறுப்புக்குள் வைத்த குழாய், அதாவது சிலிண்டர், தண்டுப் பகுதியைத்தான் விறைக்க வைக்கும். முனையிலுள்ள மொட்டு இயற்கையில் பருப்பதுபோல் பருக்காது. உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. பழைய கருவியைச் சுற்றி உடம்பு ஒரு தழும்பு உறை கட்டியிருக்கும். பழுதானதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தால், அது இறுகியும் இருக்கலாம். தினமும் பம்பை அமுக்கிக் கொஞ்ச நேரம் விறைப்பில் வைத்து, பிறகு தளர்த்தச் சொல்கிற சர்ஜன்கள் உண்டு. உங்கள் சர்ஜனிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். 3 மாதம் என்பது சீக்கிரம். முழுதாகப் பழக ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

எனக்குக் கவலை நீளம் இல்லை, சர்க்கரை. மாற்று ஆபரேஷனில் கிருமி தொற்றும் வாய்ப்பு முதல்முறையைவிட அதிகம். குளிக்கும்போது, பம்பு இருக்கிற விதைப்பையைத் தொட்டுப் பாருங்கள். பம்பின் மேல் தோல் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கிறதா, சிவந்திருக்கிறதா, நீர் கசிகிறதா, விடாத வலியா? இதில் ஒன்று இருந்தாலும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் நேரே சர்ஜனிடம் போங்கள். ராத்திரி மரச்சீனிக் கிழங்கைக் கொஞ்சம் குறையுங்கள். மீன் கறியை விட வேண்டாம், அவ்வளவு கொடுமைக்காரன் இல்லை நான்.

அப்புறம், மனைவி. அவர் பேசாததைக் குறை என்று நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். இரண்டாவது தடவை கத்தி வைத்த உடம்பு, வலிக்குமோ என்று அவர் பயப்படலாமே. அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போங்கள். பம்பு எங்கே இருக்கிறது, எப்படி அமுக்குவது என்று டாக்டர் அவருக்கும் காட்டட்டும். 11 வருடத்துக்கு முன்பு யாராவது காட்டினார்களா?