வயதான நாய்க்கு மசாஜும் ஒத்தடமும் போதுமா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 11 வயது. பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். தினமும் வலி மாத்திரை கொடுக்கிறோம். அதை நிறுத்திவிட்டு மசாஜ், அக்குபஞ்சர், மூலிகை எண்ணெய் என்று மாறலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்கள் கேட்டவற்றில் நல்லதை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாய்கள் வலியைப் பெரும்பாலும் வெளியே காட்டாது. படுத்து எழுந்ததும் முதல் சில அடிகளை விறைப்பாக வைப்பது, படியேறத் தயங்குவது, ஒரே மூட்டை விடாமல் நக்குவது எல்லாமே வலியின் அறிகுறிகள்தான். மாத்திரை நின்றால் அது நடப்பதைக் குறைத்துக்கொள்ளும். நடை குறைந்தால் தொடைச் சதை வற்றும். சதை வற்றினால் சுமை முழுவதும் மூட்டில் இறங்கும். மாத்திரை சிறுநீரகத்தையோ ஈரலையோ பாதிக்குமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அதற்காகத்தான் இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். வலி நன்றாகத் தணிந்தால் அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் ஒத்தடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் மட்டும் மூட்டின் மேல் 10 நிமிடம் வையுங்கள். புதிதாக வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

அப்புறம் மசாஜ். நாய் தானாக வந்து படுக்கும் நேரம் பார்த்து, கழுத்திலிருந்து இடுப்புவரை உள்ளங்கையால் நீவி விடுங்கள். பிறகு தொடைச் சதையை விரல்களால் மெல்லப் பிசையுங்கள். எலும்பின் மேலும் மூட்டின் மேலும் அழுத்தக் கூடாது. காது பின்னுக்குப் போவது, உதட்டை நக்குவது, திரும்பி உங்கள் கையைப் பார்ப்பது, இவையெல்லாம் 'போதும்' என்று அது சொல்வது. உடனே கையை எடுத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் கண் சொருகி, பெருமூச்சு விட்டால் சரியாகச் செய்கிறீர்கள். தினமும் தொட்டுப் பழகிய கைக்கு ஒரு கால் மெலிவதும், புதுக் கட்டி ஒன்று வருவதும் சீக்கிரம் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே மசாஜை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

நீருக்குள் நடக்கவைக்கும் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் நாயின் கால்கள் அதன் எடையில் பாதியைக்கூடச் சுமப்பதில்லை. அதனால் மூட்டு நோகாமல் தசை வலுப்பெறும். அக்குபஞ்சரைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்தால் ஆபத்து மிகக் குறைவு, முயன்று பார்க்கலாம். ஹோமியோபதியை நான் பரிந்துரைப்பதில்லை, பலன் தருவதற்கு நம்பகமான சான்று கிடையாது.

உணவோடு சேர்ப்பவற்றில் ஒமேகா-3 உள்ள மீன் எண்ணெய்க்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள், கூடினால் வயிற்றுப்போக்கு வரும். மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ, டி சேர்ந்திருப்பதால் அளவு மீறினால் நஞ்சாகிவிடும்.

மூலிகை எண்ணெய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேண்டாம். தடவியதை நாய் நக்கித் தின்றுவிடும். டீ ட்ரீ எண்ணெய் நாய்களுக்கு நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் வரவழைக்கும். நாம் பூசும் வலித் தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் ஆகாது. இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற நம் வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், வயிற்றில் புண்ணாகி உயிரே போகலாம்.

எல்லாவற்றையும்விட, உங்கள் நாய் குண்டாக இருந்தால் எடையைக் குறையுங்கள். உடல் எடையில் 6 முதல் 9 சதவீதம் குறைந்தாலே நொண்டுவது குறைவதை ஆய்வில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள், நகங்களை வெட்டிவிடுங்கள்.

பின்னங்கால் திடீரென்று விழுந்துவிட்டாலோ, பாதத்தைத் தரையில் இழுத்து நடந்தாலோ, தன்னையறியாமல் சிறுநீர் கழித்தாலோ அது தண்டுவடப் பிரச்சினையாக இருக்கலாம். ஒத்தடம், மசாஜ் எதுவும் செய்துகொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.